குன்றின் மேல் விண்ணோடம்

லாஸ் ஏஞ்சலஸ்
2 செப்டம்பர் 2012

அன்புள்ள கார்லண்ட் அண்ணாவுக்கு,

இங்கே நலம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? நான் நான்கு கடிதம் போட்டால் நீ ஒன்று போடுகிறாய்.

ஓய்வு பெற்ற விண்ணோடத்தைப் பெரிய விமானம் ஒன்றின் முதுகில் ஏற்றி, இருபத்தொன்றாம் தேதி எங்கள் ஊருக்கு மேலே தாழ்வாகப் பறக்கவிடப் போகிறார்கள். அதோடு அது பறப்பது முடிந்தது. எங்கள் ரசிகர் குழு மொத்தமும் வானாய்வகக் குன்றில் கூடுகிறது. ஒரு வருடமாகக் காத்திருக்கிறேன். நீயும் வா. சின்ன வயதில் எனக்கு ராக்கெட் படம் காட்டியவனே நீதானே? இப்போது விமானச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் ஓடுகிறாயாம். வெர்னா அண்ணி சொன்னாள். ஏன் என்று என்னிடமாவது சொல்லக் கூடாதா?

உன் தங்கை,
நடீன்

லஃப்கின், டெக்சஸ்
10 செப்டம்பர்

அன்பு நடீன்,

யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். 2003 பிப்ரவரி முதல் தேதி காலை. விண்வெளியிலிருந்து தரையிறங்க வரும் வேறொரு விண்ணோடம் எங்கள் பக்கம் தெரியும் என்று காபியோடு வாசலில் நின்றேன். வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அது இரண்டானது, ஐந்தானது, மினுமினுத்தது. "வெர்னா, ஓடி வா! எவ்வளவு அழகா இருக்கு பாரு!" என்று கத்தினேன். கை தட்டினேன், நடீன். பிறகு ஜன்னல்கள் அதிர்ந்தன. அது வானத்திலேயே உடைந்து சிதறியிருந்தது. உள்ளே ஏழு பேர் இருந்தார்கள்.

நான் அண்ணாந்து பார்த்தால் மேலே இருப்பது விழுந்துவிடும் என்ற பயம் அன்று புகுந்தது. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்து என்ன பயன்?

பஸ்ஸில் வருகிறேன். பக்கத்திலேயே இரு.

கார்லண்ட்

லஃப்கின்
24 செப்டம்பர்

நடீன்,

சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். மன்னித்துவிடு.

அன்று குன்றில் உன் தோழி கான்சுவேலோ தந்த தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டையை ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டேன். "என்ன சார், டெக்சஸ்காரங்க வயிறு இவ்வளவுதானா?" என்று சிரித்தாள். அப்போதுதான் அந்த இரைச்சல் வந்தது. "விழப்போகுது! ஓடுங்க, எல்லாரும் ஓடுங்க!" என்று நான்தான் கத்தினேனாம். "அந்த ஆளை யாராவது அமுக்குங்கப்பா" என்று ஒரு குரல். சாப்பாடு வைத்திருந்த மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டேன். நீயும் தவழ்ந்து வந்தாய்.

"நீ போய்ப் பாரு, நடீன். போயிடும்!"

"அறுபத்தாறு வயசுல உள்ள நுழைஞ்சிருக்கேன். இனி கிரேன் வெச்சுத்தான் எடுக்கணும். பேசாம இரு."

குன்றே ஆரவாரித்தது. நீ என் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தாய். ஒரு வருடம் காத்திருந்தவள் அதைப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு உன் வீட்டில் இன்னொரு நாள் இருப்பேன்? இனி என்னை எதற்கும் கூப்பிடாதே.

கார்லண்ட்

லாஸ் ஏஞ்சலஸ்
6 நவம்பர்

என் அண்ணாவுக்கு,

போன் செய்தால் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். அன்று நானும் பயந்தேன். உன் இதயம் அடித்த அடியில் அங்கேயே போய்விடுவாயோ என்றுதான். அந்த நேரத்தில் தலைக்கு மேலே எது போனால் எனக்கென்ன?

அந்த விண்ணோடத்தை இப்போது இங்கே அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டார்கள். கான்சுவேலோ போய் வந்தாள். "சும்மா நிக்குது, நடீன். கொஞ்சம்கூட ஆடல. உங்கண்ணன்கிட்ட சொல்லு" என்றாள். நான் இன்னும் போகவில்லை.

பதினாறாம் தேதி பஸ்ஸுக்கு வெர்னா அண்ணி இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். உன்னிடம் சொல்லப் பயப்படுகிறாள். விண்ணோடத்தின் வயிற்றுக்கு அடியில் நடந்து போகலாமாம். நீ நடக்க வேண்டாம். கதவருகில் நின்று பார்த்தால் போதும். அதுவும் முடியவில்லையென்றால் வெளியே படியில் உட்கார்ந்திருப்போம். உள்ளே போகிறவர்களை வேடிக்கை பார்ப்போம்.

பஸ் நிலையத்தில் நிற்பேன்.

நடீன்