பிரிட்டோரியாவில் தொங்கிய என் பாசிமணி

சியாபுஸ்வா,
அக்டோபர் 21

என் மகள் ஃபிகிலேவுக்கு,

நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை வானத்துக்கு முந்திச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த நெதர்லாந்துக் குளிரில் நீயும் நல்லபடியாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் சொல்லவந்ததை விட்டுவிட்டு உனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன், அதனால்தான் எழுதுகிறேன். பிரிட்டோரியாவில் நீ வைத்த கண்காட்சி எப்படி இருந்தது என்று மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் நல்லா இருந்துச்சு என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். பொய் என்றும் சொல்லமுடியவில்லை. என்னவென்று எனக்கே தெரியாததால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

நீ எழுதியிருந்தபடி நானும் டைனா அத்தையும் அந்தச் சனிக்கிழமை டாக்சி வேன் பிடித்துப் பிரிட்டோரியாவுக்குப் போனோம். அத்தை இருக்கிற பாசிமணியை எல்லாம் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஓவியக்காரியின் அத்தை வருகிறேன் என்று வேனில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். உள்ளே போனால் நடுக்கூடத்தில் ஆளில்லாமல் ஒரு போர்வை மட்டும் நிற்கிறது, உள்ளே கம்பி வைத்து நிறுத்தியிருக்கிறாய் போல, ஒரு பொம்பளை உயரம், தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து இரண்டு பக்கமும் பாசிமணிப் பட்டை தரைவரை தொங்குகிறது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. என் கையை எனக்குத் தெரியாதா. வெள்ளை மணி தீர்ந்துபோய் மூன்று விரல் நீளத்துக்குப் பால்நிற மணி வைத்துச் சமாளித்த இடம்கூட அப்படியே இருக்கிறது. டிரங்குப் பெட்டியின் அடியில் நான் பழைய துணியில் சுற்றி வைத்த பட்டை, நாம் நீளக் கண்ணீர் என்று சொல்வது. அதை நீ எப்போது எடுத்தாய், போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோதா? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன், கொடுத்திருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

அது என்னவென்று உனக்குத் தெரியாததா. மகன் சடங்குக்காக மலைக்குப் போய் ஆணாகத் திரும்புகிற நாளில் தாய் அதைத் தலையிலிருந்து தொங்கவிட்டு ஊர் நடுவில் ஆடவேண்டும், சின்னப் பையனை இழந்ததற்கு ஒரு பக்கம், ஆம்பளை ஒருத்தனைப் பெற்றதற்கு ஒரு பக்கம். உன் அண்ணன் வுஸிக்காக ஒரு வருஷம் உட்கார்ந்து கோர்த்தேன், அவன் நாலாம் நாளே மலையிலிருந்து ஓடிப்போனான், ஒன்பது வருஷம் ஆயிற்று. மற்ற தாய்மார் எல்லாம் ஆடின அன்றைக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன், நீயும் கூட இருந்தாய். அன்றிலிருந்து அவன் பெயரை உன் அப்பா சொன்னதில்லை. ஒருநாளும் போட்டுக்கொள்ளாததைப் பட்டணமே பார்க்கத் தொங்கவிட்டால் நான் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது? டைனா அத்தை அங்கேயே, "அடி பாவி, ஓடிப்போனவனுக்குக் கோத்ததைக் கொடி மாதிரி ஏத்தி வெச்சிருக்காளே உன் மக, இவளுக்கு வெக்கம்னு ஒண்ணு கெடையாதா" என்று சத்தம் போட்டாள், நம் பாஷை தெரியாத வெள்ளைக்காரம்மா ஒருத்தி அது பாராட்டு என்று நினைத்து அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

சுவரில் நீ எழுதியதை அங்கே வேலை செய்கிற பெண் எனக்கு வாசித்துக் காட்டினாள். ந்தெபெலே ஜனம் என்றால் யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாயாம். எனக்கு அதுதான் புரியவில்லை ஃபிகிலே, நான் ந்தெபெலே, உன் அப்பா ந்தெபெலே, நீயும் அதுதான், இதில் கேள்வி எங்கிருந்து வந்தது? அப்புறம் என் பட்டை தரையைத் தொட்டதோடு முடியவேண்டியது, நீ விடவில்லை, பஸ் டிக்கெட்டைச் சுருட்டி, பழைய சிம் கார்டை வெட்டி, மணியோடு சேர்த்துக் கோர்த்து வாசல்வரை தரையில் ஓடவிட்டிருக்கிறாய், கடைசியில் ஊசிகூட எடுக்காமல் கிடக்கிறது. முடிக்க நேரமில்லையா பாவம் என்று கேட்டேன், இல்லம்மா அப்படித்தான் வெச்சிருக்காங்க என்றாள் அந்தப் பெண். சரி, இருக்கட்டும். ஆனால் நீ கோர்த்ததில் பன்னிரண்டாம் வரிசையில் ஒரு மணி குறைகிறது, அதிலிருந்து வாசல்வரைக்கும் கோணல். அதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? தரையில் உட்கார்ந்து அந்த ஊசியையே எடுத்துப் பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். காவல்காரன் ஓடிவந்து, "அம்மா, இதத் தொடக்கூடாதும்மா" என்றான். "இது நான் கோத்ததுப்பா, இது என் மக கோத்தது, இதுல தொடக்கூடாத எடம் எது, காட்டு" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அதற்குள் சுற்றிலும் கூட்டம், இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள், சத்தம் போடாமல் பார்க்கிறார்கள், போனில் படம் எடுக்கிறார்கள், நான் வரிசையைச் சரிபண்ணி முடிச்சுப் போட்டதும் கைதட்டினார்கள். முடிச்சுப் போட்டதற்கு எனக்கு யாரும் இதுவரை கைதட்டியதில்லை. எழுந்திரிக்கவா, இன்னொரு வரிசை பிரிக்கவா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், அத்தைதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இனிமேல்தான் விஷயம். அந்தப் படம் எப்படியோ எல்லோர் போனுக்கும் போயிருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு, எடுத்தால் ஒரு ஆம்பளைக் குரல், "அம்மா, அது எனக்குன்னு கோத்ததா?" என்கிறது. வேறு ஒன்றும் இல்லை, யார் என்றுகூடச் சொல்லவில்லை. ஆமாம் என்றேன். அவனும் கண்காட்சிக்குப் போய் அந்தப் போர்வை முன்னால் நின்றானாம், காவல்காரன் போகச் சொல்கிறவரைக்கும் நின்றானாம். எங்கேடா இருக்கிறாய் என்றால் விட்பேங்க் என்கிறான், நிலக்கரிச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறானாம். நாம் டர்பன், கேப்டவுன் என்று கடற்கரைப் பக்கமே நினைத்துக்கொண்டிருந்தோம், ஒன்பது வருஷமாக இரண்டு பஸ் மாறினால் போய்விடுகிற தூரத்தில் இருந்திருக்கிறான். சந்தோஷப்படுவதா, கன்னத்தில் அறைவதா என்று தெரியாமல் சாப்பிட்டியா என்று கேட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். ரேடியோவில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். மூன்றாம் நாள் காலையில் சவரம் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "தாடி வெச்சிருக்கானாமா?" என்றார். போனில் தாடி தெரியுமா என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரச் சொல்லு. உள்ள வரச் சொல்லுன்னு சொல்லல, வரச் சொல்லுன்னேன்" என்றார். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது, அவனிடம் எப்படிச் சொல்வது? வரச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் முடிந்து கூட்டம் தெருவில் போகிற நேரம் பார்த்து வந்து நிற்கிறான். தாடி இருக்கிறது. ஆள் உன் அப்பாவைவிட உயரம். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை, எனக்கோ அவனை எங்கே உட்கார வைப்பதென்று தெரியவில்லை. மாட்டுப்பட்டிப் பக்கம் ஆம்பளைகளோடு உட்கார அவன் மலையை முடித்தவன் இல்லை, சமையல்கட்டுப் பக்கம் சின்னப் பையன்களோடு உட்கார வைக்க அவனுக்கு முப்பது வயசு நெருங்குகிறது. நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் நடக்கிறேன், எதிர்வீட்டு மாஸ்கோசானா வேலி ஓரமாக வந்து, "என்ன, உன் வீட்டு நாற்காலிக்கு எடம் கெடைக்கலியா?" என்று கேட்கிறாள், அவள் மகன் அந்த வருஷம் மலையை முடித்துத் திரும்பி வந்தவன் அல்லவா, கேட்பாள். அப்போது உன் அப்பா எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலைத் தாண்டி வெளியே போய், தெருவோரச் சுவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நான் முக்காலியைக் கொண்டுபோய் அதற்கு எதிரில் போட்டேன். சோளக்களியும் கோழியும் கீரையும் அங்கேயே பரிமாறினேன், மூன்று பேரும் தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டோம், போகிற வருகிறவர்கள் எல்லாம் என்ன வீட்டில் நெருப்பா என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

சாப்பிட்டு முடிக்கிறபோது வுஸி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, அன்னைக்கு மலையில..." என்று ஆரம்பித்தான். உன் அப்பா கையைத் தூக்கி நிறுத்தினார். "பொம்பளைங்க இருக்காங்கடா" என்றார். எனக்கு முதலில் சுருக்கென்றது, ஒன்பது வருஷம் கழித்து வாயைத் திறக்கிறவனை அடக்குகிறாரே என்று. அப்புறம்தான் உறைத்தது, மலையில் நடந்ததைப் பெண்கள் காதில் போடாதே என்று ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையிடம்தானே சொல்வான், சின்னப் பையனிடம் யார் சொல்வார்கள்? நான் நினைக்கிறது சரியா தப்பா, அவர் தெரிந்து சொன்னாரா பழக்கத்தில் சொன்னாரா, இன்றுவரை கேட்கவில்லை. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கழுவின பானையையே திரும்பத் திரும்பக் கழுவினேன். ஜன்னல் வழியாக இரண்டு தலை மட்டும் தெரிந்தது, ரொம்பநேரம் வுஸி பேசினான், அப்புறம் ரொம்பநேரம் அவர் பேசினார்.

கண்காட்சி முடிந்ததும் பட்டையை என்னிடமே அனுப்பவா, அங்கே ஏதோ காட்சிசாலையில் வைத்துவிடவா என்று கேட்டிருந்தாய், அவசரப்படுத்தாதே. எடுத்ததற்கு உன்மேல் கோபமும் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. நம் முன்னோர்கள் உன்னைக் கைவிடமாட்டார்கள், கர்த்தரும் உன் கூடவே இருப்பார், உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராது. டைனா அத்தைக்கு மறக்காமல் போன் பண்ணி நாலு வார்த்தை திட்டு வாங்கிக்கொள். உன் அண்ணன் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவனுக்கு உன்னைக் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறதாம், நீயே முதலில் கூப்பிடு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
லெட்டி ஜியானே