அக்கா வேஷம்

மார்ச் 4

என் சோடாபுட்டிக்கு,

நலம். இங்கே வந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். மேக்கப் போடும் அண்ணன் நம் ஆள், அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

ஜோடி தேடும் போட்டியில் கடைசி நான்கு பேரில் நானும் ஒருவன்! ஜெயிக்கும் ஜோடிக்கு வீடு. நம் ஒழுகும் கூரைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம். ஒரே ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் படம் பிடிக்க வருகிறார்கள். எனக்கு ஜோடியாக ஆடும் நடனக்காரப் பெண்ணும் வருவாள். கல்யாணமாகாதவன் என்றல்லவா சொல்லியிருக்கிறேன்? நீ என் அக்காவாக இருந்துவிடு. ஒரு மணி நேரக் கூத்து. எனக்காக இல்லை, நமக்காக.

உன் லொடலொடா

மார்ச் 6

லொடலொடாவுக்கு,

கல்யாணத்தை மறைத்துப் போகிறேன் என்றபோது தலையாட்டினேனே, அந்தத் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் முதலாளி உங்கள் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டுத்தான் லென்ஸ் துடைக்கிறார். அந்தப் பெண்ணின் கூந்தலில் ஒட்டியிருந்த நூலை நீங்கள் எடுத்ததைப் பார்த்து, "பையன் எவ்ளோ பாசமா இருக்கான் பாரும்மா" என்று என்னிடமே உருகினார். என் தலையில் கயிறே கிடந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

அக்காவாம்! உங்களைவிட மூன்று வயது சின்னவள் நான். சரி, வரட்டும். வீட்டைக் கூட்டி வைக்கிறேன். இதற்கு மேல் எதுவும் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை வரை உங்கள் மனைவி

மார்ச் 13

சோடாபுட்டி,

பின்னிவிட்டாய்! "உங்க அக்கா ரொம்ப இயல்பா இருந்தாங்க" என்று இயக்குநரே சொன்னார். இறுதிச்சுற்றுக்கு வந்துவிட்டோம். மேடையில் அவளுக்கு மோதிரம் போட வேண்டும். மோதிரம்தானே, கழற்றினால் வந்துவிடும். அதை அக்கா கையால்தான் எடுத்துத் தர வேண்டுமாம். கார் அனுப்புவார்கள். வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்துவிடாதே. பரிசு வீட்டில் முதலில் நுழையப்போவது நீதான், சத்தியம்.

உன் லொடலொடா

மார்ச் 17

உங்களுக்கு,

கார் வந்தது. டிரைவருக்குத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

படம் பிடிக்க வந்த அன்று அந்தப் பெண் தனியாகச் சமையலறைக்கு வந்தாள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "அக்கா, உங்க தம்பிய நம்பலாமா?" என்று கேட்டாள். அவளுக்கு இது விளையாட்டு இல்லை. "தம்பியா தங்கமான பையன்மா, மத்தது எனக்குத் தெரியாது" என்றேன். பாவம், சிரித்தாள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் யார் என்று அவளுக்கு எழுதி அதே டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். இந்நேரம் படித்திருப்பாள்.

தங்குவதற்கு எனக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. தேடி வர வேண்டாம்.

மோதிரத்துக்காகக் கோபம் என்று நினைக்காதீர்கள். மோதிரம் நடிப்பு என்றே வைத்துக்கொள்கிறேன். அன்று கேமராவை மூட்டை கட்டி எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள், அவளும் ஏறிவிட்டாள். மறந்துவிட்ட வாட்சை எடுக்க நீங்கள் மட்டும் திரும்பி வந்தீர்கள். வீட்டில் நாம் இரண்டே பேர். ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று கதவோரம் நின்றேன்.

"வாட்ச எங்க வச்சேன், பாத்தீங்களா அக்கா?" என்றீர்கள்.

சொன்னது உங்களுக்கே தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

கண்ணாடிக் கடைக்காரி