பெயர் வைக்காத மருந்தும் நாம் சொன்ன பொய்யும்

மாப்ளே,

இன்று காலை கொடும்பாளூரில் ஒரு அம்மா ஊசி போட்ட கையைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு நம் பஸ்ஸில் ஏறினார். ஸ்பிரிட் வாசனை குப்பென்று அடித்தது. டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் டிரைவர் சீட்டில் இப்போது வேறொருவன். அவன் பிரேக் போட்டால் பாதிப் பேர் முன்னால் வந்து விழுகிறார்கள்.

திருச்சி ஆஸ்பத்திரியில் நாம் காத்துக் கிடந்த நாட்களெல்லாம் அந்த வாசனையோடு வந்துவிட்டன. உன் கல்லீரல் கட்டிக்கு எந்த மருந்தும் கேட்காமல் போய், நீ வண்டி ஓட்டுவதை விட்ட சமயம். ஆய்வகத்தில் ரசாயனம் சேர்த்து உண்டாக்கிய புது மாத்திரை ஒன்று ஆராய்ச்சியில் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அதற்கு இன்னும் பெயர்கூட இல்லை, வெறும் நம்பர்தான். "குணமாகுதான்னு பாக்குறது அப்புறங்க. ஒடம்பு எவ்வளவு தாங்குதுன்னுதான் மொதல்ல பாக்குறோம். ஒடம்புக்கு என்ன செஞ்சாலும் மறைக்காமச் சொல்லணும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். நீ மறுநாளே விராலிமலை ஏறி மருந்துக்கு அர்ச்சனை செய்தாய். பெயர் கேட்ட குருக்களிடம் நீ நம்பரைச் சொல்ல, அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் உன் கால் மரத்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தாய். ஒருநாள் தலைசுற்றி விழுந்தாய். உடம்பு எப்படி இருக்கிறதென்று டாக்டரம்மா எழுதி வரச் சொன்ன தினசரி நோட்டை, உன் எழுத்து யாருக்கும் புரியாது என்பதால் நான்தான் எழுதினேன்.

"தொந்தரவு இல்லைன்னு எழுதுடா" என்றாய். நான் முறைத்தேன்.

"அந்த டாக்டர் புள்ளைக்கு நம்ம மக வயசு. பாடுபட்டு மருந்தைக் கொண்டாந்திருக்கு. அதுகிட்டப் போயி குத்தம் சொல்லச் சொல்றியா?"

விருந்து வீட்டில் உப்பு குறைந்தாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டு வருகிறவன் நீ. மருந்தையும் அப்படியே விழுங்கினாய். நானும் எழுதித் தொலைத்தேன்.

உன்னைக் கொண்டுபோனது கட்டிதான், மருந்தில்லை. ஆனால் போன வாரம் போனில் பேசியபோது, அடுத்து வருகிறவர்களுக்கு அளவைக் கூட்டப்போவதாக டாக்டரம்மா சொன்னார். "ஒங்க ஃப்ரெண்டுக்கு எந்தத் தொந்தரவும் வரலைங்களே." உண்மையைச் சொல்லாமல் ஒரு வாரம் கோழையாக இருந்தேன்.

இன்று மதிய ட்ரிப்புக்கு மாற்று ஆள் போடச் சொல்லிவிட்டு நேரே திருச்சிக்குப் போனேன். நோட்டை வாங்கி, பொய் எழுதிய ஒவ்வொரு நாளையும் தொட்டுக் காட்டினேன். டாக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது. திட்டவில்லை. பேனாவை எடுத்து, "எந்தக் கால் மொதல்ல மரத்துச்சு?" என்றார். இடது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, நாளைக்கு யாருக்கும் மருந்து தர வேண்டாம், அளவைத் திரும்பப் பார்த்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று போனில் சொன்னார்.

வெளியே பெஞ்சில் அறந்தாங்கிக்காரர் ஒருவர் மனைவியோடு இருந்தார். நாளை அந்த மாத்திரையை ஆரம்பிக்க இருந்தவர். நீ அதைச் சாப்பிட்டவன் என்று சொன்னேன்.

"டாக்டர் எல்லாம் சொன்னாங்க. இருந்தாலும் ஒங்காளுக்கு எப்படிங்க இருந்துச்சு?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன்.

"இதையெல்லாம் அந்தப் புள்ளைகிட்ட எப்படிங்க சொல்றது, சங்கடமா இருக்காதா?" என்றார். அப்படியே நீ பேசியது போல இருந்தது.

நீ மறைத்தது இனி காகிதத்தில் இருக்கும். எழுதிய கை என்னுடையது என்பதும் இருக்கும். இருக்கட்டும். மருந்து ஆரம்பித்ததும் வாரா வாரம் அறந்தாங்கிக்காரர் கூட ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறேன். அவர் கூச்சப்பட்டால் நான் வாயைத் திறப்பேன், மாப்ளே. உனக்காகத் திறக்காத வாய்.