பழனிக்குப் போடாத இலை

செவிலிமேடு,
6-11-2025

என் செவிட்டு மாப்பிள்ளைக்கு,

அகிலா எழுதுவது. நான் இங்கே ஒரு மாதிரி இருக்கிறேன். நீங்கள் தர்மாவரத்தில் மூன்று வேளையும் தின்று நன்றாக இருப்பீர்கள் என்று தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் போனில் பேசுவதும் பஸ் நிறுத்தத்தில் மைக் பிடித்துப் பேசுவதும் ஒன்று. காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். அன்றைக்கு நான் ஏதோ ஆசையாகச் சொல்ல, உங்கள் தறிக் கொட்டகையில் எவனோ சிரித்தான். உங்களுக்குக் கேட்காதது அவனுக்குக் கேட்டிருக்கிறது. அதனால் இனி இதுதான். ஐந்தாவது படித்தவள் எழுத்து, கோழி கிளறினாற்போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி முடிந்து நீங்கள் பஸ் ஏறினீர்கள், எனக்குக் காய்ச்சல் ஏறியது. கூடவே இடுப்புக்குக் கீழே கொப்புளம். எவ்வளவு கீழே என்று எழுதமாட்டேன், போஸ்ட்மேன் பிரித்துப் படித்தால் என்ன செய்வது. முக்காலியில் உட்கார முடியவில்லை, கடையில் நின்றுகொண்டே இட்லி ஊற்றுகிறேன். பக்கத்து வீட்டு ஜெயப்ரியா பார்க்காமலே அக்கி என்று சொல்லிவிட்டாள். குயவர் வீட்டு அம்மாவிடம் கூட்டிப்போனாள். அந்தம்மா காவியைக் குழைத்து இறகால் சிங்கம் எழுதினார்கள். உள்ளபடி எங்கே என்று காட்ட எனக்கு வெட்கம். தொடை என்று சொல்லிவிட்டேன். பாவம் அந்தச் சிங்கம், தொடையிலேயே காவல் நிற்கிறது. திருடன் வேறு தெருவில்.

மாகறல் அத்தை நேற்று கீரை கொடுத்தனுப்பினார்கள். அவர்கள் மகன் பழனி இறந்து ஐந்து வருஷம் ஆகியும் என்னை மருமகள் என்றுதான் சொல்கிறார்கள். ஆவணியில் உங்களைக் கட்டிக்கொள்ளச் சொல்லி என்னைப் பிடித்துத் தள்ளியவர்களும் அவர்கள்தானே. கார்த்திகையில் பழனிக்குத் திதி வருகிறது. போய் சமைத்துக் கொடுக்க வேண்டும், அதற்குள் இது ஆறவேண்டும்.

காதில் எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். மனைவி பேச்சு கேட்காவிட்டாலும் பஸ் ஹாரன் கேட்கவேண்டும்.

உங்கள்
அகிலா

*

தர்மாவரம்,
11-11-2025

அன்புள்ள அகிலாவுக்கு,

கோதண்டபாணி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை. தறிகளுக்கு டிசைன் போடும் ஜக்காடு பெட்டி கட்டும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. முதலாளி பொங்கலுக்கு விடுவாரா என்று தெரியவில்லை.

காவியை நம்பி உட்கார்ந்திருக்காதே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் தோல் டாக்டரைப் பார். பெண் டாக்டராகப் பார், வெட்கப்படாமல் காட்டு. மாத்திரை கொடுப்பார்கள். நடுவில் நிறுத்தாமல் சாப்பிட்டு முடி. நீர் போகும்போது எரிந்தால் தண்ணீர் நிறையக் குடி. சரியாகிவிடும்.

ஜெயப்ரியாவிடமும் மற்றவர்களிடமும் அதிகம் பேச வேண்டாம். கடையை நாலு நாள் மூடு. நஷ்டம் ஒன்றும் ஆகிவிடாது.

அன்புடன்,
கோ. கோதண்டபாணி

*

செவிலிமேடு,
17-11-2025

என் மாப்பிள்ளைக்கு,

இன்றைக்குக் கேலி வரவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

நீங்கள் சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவுக்கு முப்பது வயசுகூட இருக்காது, சின்னப் பெண். பார்த்ததும் முகத்தைச் சுளிக்கவில்லை, அதுவே பெரிது. "இது அக்கி இல்லம்மா, ஹெர்பிஸ் மாதிரி தெரியுது, டெஸ்டுக்கு அனுப்பறேன், வந்ததும் உறுதியா சொல்றேன்" என்றது. அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது. புருஷன் பெண்டாட்டி சேர்க்கையில் வருவதாம். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பை விட்டுப் போகாதாம். வரும், அடங்கும், மறுபடி வரும். மாத்திரை போட்டால் சீக்கிரம் அடங்கும்.

எனக்கு எப்படி வரும் என்று கேட்டேன். எப்போது வந்தது என்று சொல்ல முடியாது, சிலருக்கு வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டு இருந்துவிட்டு எழுந்துகொள்ளும் என்றது. இன்னும் என்னவோ சொன்னது. எனக்கு அதற்கு மேல் காதில் ஏறவில்லை. வருஷக்கணக்கில் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பழனி லாரி ஓட்டினவர். மாசத்தில் பாதி நாள் வெளியூர். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லாரிடமும் வாயடிக்கிறவள், அவரிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு இப்போது அனுபவிக்கிறேன்.

இதில் உங்களை இழுத்துவிட்டேனே என்பதுதான் தாங்கவில்லை. ஐம்பது வயதில் ஒரு துணை என்று வந்தீர்கள். தீபாவளிக்கு வந்தவருக்கு நான் என்ன பலகாரம் கொடுத்தனுப்பினேனோ தெரியவில்லை. நீங்களும் ஒரு டாக்டரைப் பாருங்கள். புண் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். சண்டை போடமாட்டேன். ஊரில் யாருக்கும் காரணம் சொல்லமாட்டேன். தாலியை எப்படித் திருப்புவது என்று மட்டும் தெரியவில்லை, அதையும் யாரையாவது கேட்டுக்கொள்கிறேன்.

பதில் வரும்வரை ஒரு வாய் சோறு இறங்காது.

அகிலா

*

தர்மாவரம்,
22-11-2025

அன்புள்ள அகிலாவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை. அழாதே. சாப்பிடு.

நான் உன்னை விடமாட்டேன். இது ஒரு புண், அவ்வளவுதான். உலகத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

செத்துப் போனவரைக் கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது. அவரை மன்னித்துவிடு. நானும் அவர் மேல் வருத்தம் வைக்கவில்லை. இதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

அன்புடன்,
கோ. கோதண்டபாணி

*

செவிலிமேடு,
28-11-2025

என் தங்கத்துக்கு,

கடையில் வைத்தே உங்கள் கடிதத்தைப் படித்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சாம்பாருக்கு நின்றவர், என்னம்மா வெங்காயமா என்று கேட்டார். ஆமாம், தர்மாவரத்து வெங்காயம் என்றேன். இப்படி ஒரு மனுஷனை எனக்கு எந்தச் சாமி கொடுத்தது. நீங்கள் செவிடு இல்லை, நான்தான் இத்தனை நாள் குருடி.

டெஸ்ட் வந்துவிட்டது. அதேதான். புண் ஆறிவிட்டது, முக்காலியில் உட்காருகிறேன்.

இன்னொன்று நடந்தது. சொல்லாமல் இருந்தால் நெஞ்சில் நிற்கும்.

பழனி திதிக்கு முந்தின நாள் மாகறல் போனேன். அத்தை வாழை இலை அறுத்துக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். பூசணிக்காய், சேப்பங்கிழங்கு, பழனிக்குப் பிடித்தது எல்லாம் வாங்கியிருந்தார்கள். அரிவாள்மனையில் உட்காரு என்றார்கள். எனக்கு உட்கார மனம் வரவில்லை. என்னம்மா, உடம்புக்கு முடியலயா என்று கேட்டார்கள். நீங்கள் மன்னித்துவிடு என்றுதான் எழுதியிருந்தீர்கள். ஆனால் உங்களைப் போல எனக்கு மனசு இல்லையே. கொட்டிவிட்டேன்.

"அத்தை, உங்க புள்ளை எனக்கு ஒரு நோயை வெச்சிட்டுப் போயிருக்காரு. அவருக்கு நான் எப்படிச் சமைப்பேன்?"

என்ன நோய் என்று கேட்டார்கள். சொன்னேன். அத்தை கத்தவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அந்தப் பூசணிக்காயை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். பிறகு எழுந்து போய் இலையை எடுத்து மாட்டுக்குப் போட்டார்கள்.

"பொண்ணைப் பெத்த எடத்துல நான் என்னா சொல்லிக் கட்டிவெச்சேன், ஒழுக்கமான புள்ளைன்னுதானே. அவனுக்கு எதுக்குமா இலை? விடு" என்றார்கள்.

மறுநாள் அந்த வீட்டில் படையல் இல்லை. காக்கைக்கு ஒரு பிடி சோறுகூட வைக்கவில்லையாம்.

சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தாற்போல இருந்தது. போகட்டும். நீங்கள் இருக்கிறீர்கள், எனக்கு அது போதும். பொங்கலுக்கு முதலாளி விடாவிட்டால் நானே வந்து தெலுங்கில் சண்டை போடுகிறேன்.

உங்கள்
அகிலா

*

தர்மாவரம்,
4-12-2025

அகிலாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இலையை மாட்டுக்குப் போட்டதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மெஸ்ஸில் எனக்கு இலை போட்டால் கை போகவில்லை.

அந்த நோய் எனக்கு இருக்கிறது. என் முதல் மனைவி மஹாலட்சுமி இறந்த பிறகு இங்கே ஒண்டியாக இருந்த காலத்தில் வந்தது. இங்கே ஒரு டாக்டர் பெயரோடு சொல்லி மாத்திரை கொடுத்தார். கட்டிக்கொள்கிறவளிடம் சொல்லிவிடு என்றும் சொன்னார். ஆவணிக்கு முன் உன்னிடம் சொல்லத்தான் செவிலிமேட்டுக்கு வந்தேன். நீ ஏதோ கேலி பேசினாய், நான் சிரித்தேன், சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

புண் இல்லாத நாளில் ஒட்டாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தீபாவளிக்கு வந்தபோது லேசாக அரிப்பு இருந்தது. கூடத்தில் தனியாகப் படுத்தால் ஏன் என்று கேட்பாய். கேட்டால் சொல்ல வேண்டும். அதனால் தனியாகப் படுக்கவில்லை.

நீ அவரைச் சொன்னபோது எனக்கு வழி கிடைத்தாற்போல இருந்தது. செத்தவருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அந்த அம்மா இருப்பதை நினைக்கவில்லை.

யாரிடமிருந்து வந்தது என்று டாக்டர்களே சொல்ல முடியாதாம், அதுவும் உண்மைதான். ஆனால் எனக்குத் தெரியும்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கோதண்டபாணி

*

செவிலிமேடு,
12-12-2025

கோதண்டபாணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அன்றைக்குக் கடையைத் திறந்துதான் வைத்திருந்தேன். மாவு பொங்கி வழிந்திருந்தது, அதை விட முடியாது.

மறுநாள் மாகறல் போனேன். அத்தை தோட்டத்தில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டேன், கிட்டே போனால் வாய் வராது என்று.

"அத்தை, அவரு இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன்."

அத்தை கையிலிருந்த அவரைக்காயை முறத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"என் புள்ளை இல்லியா?"

"இல்ல அத்தை."

"அப்போ அன்னிக்கு அவன் பசியோட போய்ட்டானே" என்றார்கள்.

யார் என்று கேட்பார்கள், உங்கள் பெயரைச் சொல்லிவிடுவேன் என்று பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். கேட்கவே இல்லை. அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

தவறிப்போன திதியை மார்கழி அமாவாசையில் கொடுக்கலாம் என்று அய்யர் சொல்லியிருக்கிறாராம். நான் போய்ச் சமைக்கிறேன். பழனி எதிரில் இலை போட்டு நிற்கும்போது என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஒருவேளை அவர் வெளியூரில் எப்படியோ இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் செய்யாத ஒன்றுக்கு அவருடைய அம்மா கையாலேயே சோறு இல்லாமல் பண்ணினவள் நான்.

டாக்டரம்மாவிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை முழுசாகக் கேட்டேன். இரண்டு பேருக்கும் இருந்தாலும் குடும்பம் நடத்தலாமாம், அரிப்போ புண்ணோ வரும்போது விலகி இருந்தால், மாத்திரையை விடாமல் போட்டால். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லையாம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆவணிக்கு முன் சொல்லியிருந்தால் நான் இரண்டு நாள் யோசித்திருப்பேன், நாலு நாள் உங்களைக் கேலி பண்ணியிருப்பேன், பிறகு கழுத்தை நீட்டியிருப்பேன். நான் கேலி பேசியதால் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் யோசித்துப் பார்த்தேன். என் வாய் கொஞ்சம் ஓய்ந்திருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்களோ என்னவோ. அந்தப் பங்கு என்னுடையது, எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் தாலியைத் திருப்பட்டுமா என்று நான் கேட்டதற்கு நீங்கள் அவரை மன்னித்துவிடு என்று எழுதினீர்களே. அதைப் படித்து உங்களைத் தங்கம் என்று எழுதினேனே. புண் ஆறிவிட்டது. அந்தக் கடிதத்தை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. மன்னிக்க வேண்டியவள் நான், மன்னிக்கப்பட வேண்டியவர் நீங்கள், நடுவில் நின்றவர் பழனி. உங்களுக்குக் காது கேட்காது என்று எத்தனை கேலி பேசியிருப்பேன். அன்றைக்கு நான் எழுதியது எல்லாம் உங்களுக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது.

உங்கள் சட்டை வேட்டியைத் துவைத்து மடித்துப் பையில் போட்டு ஜெயப்ரியா வீட்டில் கொடுத்திருக்கிறேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைக்கு ஒரு வார்த்தை எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அதனால் பார்த்து எழுதுங்கள்.

பொங்கலுக்கு முதலாளி விட்டாலும் வீட்டுக்கு வர வேண்டாம். பையை எடுக்க வரும்போது பசித்தால் கடைக்கு வாருங்கள். யார் வந்து நின்றாலும் இட்லி வைக்கிறவள்தான். உங்களுக்கும் வைப்பேன்.

மாத்திரையை விடாதீர்கள்.

அகிலா