குடோன் எலியின் மூன்று துண்டுகள்

ஜூலை 4, வெள்ளி
காலையிலிருந்து தூறல். பாகலூர், ரஹீம் அண்ணனின் உருளைக்கிழங்கு குடோன். வைத்த கூண்டுகளில் நாலில் எலி. மூட்டை இறக்கும் மாதப்பா, "ஏனு மேடம், இலி சிக்தா?" என்று எலி சிக்கியதா எனக் கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார். எனக்குக் கையுறை, முகமூடி எல்லாம் உண்டு. ரஹீம் அண்ணனோ முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு மூலையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எலி மூத்திரம் காய்ந்த தூசியில்தான் ஹான்டா வைரஸ் பரவும் என்று சொல்லி மாட்டவைத்தேன். கவனித்தது தாமதமாக.
வாங்க வேண்டியது: கொத்தமல்லி, மகளுக்கு நோட்டு அட்டை.

ஜூலை 17, வியாழன்
பெங்களூரு லேப். மூன்றாம் கூண்டு எலியின் முடிவு வந்தது, ஹான்டா இருக்கிறது. இந்த வைரஸின் மரபணு மூன்று தனித் துண்டு. சிறியதும் பெரியதும் ஒரு வகையுடையவை. நடு அளவுத் துண்டு வேறு வகையுடையது! இரண்டு வகையும் ஒரே எலிக்குள் புகுந்து துண்டு மாற்றிக்கொண்டனவா? உடல் செல்லில் ஒட்டும் முட்களைச் செய்வதே நடுத்துண்டுதான். வீரியம் கூடுமா, குறையுமா? தெரியாது. லேப் தலைவி மேடம், மாதிரிக் குழாய்கள் கலந்திருக்கலாம், திசுவிலிருந்து மறுபடி செய் என்றார்.

ஜூலை 19, சனி
ரஹீம் அண்ணனின் மனைவி நூர் அக்கா போன். அண்ணனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இடுப்பு வலி. ஓசூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எலி, தூசி எல்லாம் டாக்டரிடம் சொன்னேன். ரத்தம் எடுத்தார்கள். அன்றைக்குக் குடோனில் ஐந்து நிமிடம் முன்னால் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

ஜூலை 23, புதன்
ஹான்டா இல்லை! டெங்கு. காய்ச்சலும் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதேன். நூர் அக்கா, "டெங்குன்னு சொன்னதுக்கு சந்தோசப்பட்ட ஆளு நீ ஒருத்திதான் சாந்தி" என்றார்.
பிற்பகல் லேப். புதுத் திசு, புதுக் குழாய், அதே விடை. நிஜமான கலப்பு. மேடமே ஃபில்டர் காபி வாங்கித் தந்தார். வீரியக் கேள்விக்கு இனிதான் வேலை, செல்லில் வளர்த்துப் பார்க்கவேண்டும். ஓசூர்வரை பஸ்ஸில் நின்றபடி, கால் வலியே இல்லை.

ஜூலை 26, சனி
நல்ல வெயில். ரஹீம் அண்ணன் வீடு திரும்பிவிட்டார். இளைத்திருக்கிறார், வாய் குறையவில்லை. எலிச் செய்தியைச் சொன்னேன். குடோன் பெயர் ஆய்வுக் கட்டுரையில் வருமா என்றார். இடத்தின் பெயர் போடமாட்டோம் என்றதும் முகம் வாடிவிட்டது. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் அவர் பெயர் வரும் என்றேன். சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"இனிஷியலோட போடும்மா. பாகலூர்ல ரஹீம் நெறைய பேரு."