வரிசை எண் 207

மார்ச் 3

வேலையிலிருந்து வந்ததும் வீட்டுக்கார அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுத வந்தார்களாம். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலையில் இருந்ததால் என் பெயரையும் அவரே கொடுத்துவிட்டாராம்.

"நம்ம தெருவுக்கு ஒரு ஓட்டு கூடட்டுமேன்னுதாம்மா. நீ குடுத்த அடையாள அட்டை நகல் இருந்துச்சு. அதப் பாத்து எல்லாம் சரியா சொல்லிட்டேன்."

எல்லாம் என்றால்? கணவர் பெயரும்தான்.

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது? கணவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லித்தானே இந்த மாடி அறையில் குடிவந்தேன். மேலே வந்து தாழ்ப்பாள் போட்டு, இழுத்துப் பார்த்தேன்.

மார்ச் 9

நூலகச் சுவரில் எங்கள் வார்டின் வரைவுப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். மொத்தம் முந்நூற்றுப் பதினாறு பேர். நான் 207. பெயர், வயது, கணவர் பெயர், கதவு எண் 17. யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். அதே பட்டியல் இணையத்திலும் இருக்கிறது, பெயரைத் தட்டினால் போதும்.

இரண்டு வருடம் — ஊர் மாறி, போன் நம்பர் மாற்றி, அம்மாவுக்குக்கூட விலாசம் சொல்லாமல். எல்லாம் ஒரு காகிதத்தோடு போயிற்று. தாலி கட்டியவன் தேடுவான். தேடாமல் இருக்கிற ஆள் இல்லை.

மார்ச் 10

மதியம் சாப்பிடாமல் அலுவலகத்துக்கு ஓடினேன். தேர்தல் எழுத்தர் தெரிந்தவர்தான். போன மாதம் அவர் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்தியதே நான்தான். என் பெயரை எடுக்க வேண்டும் என்றேன்.

"தாராளமா. எந்த ஊருக்குப் போறீங்களோ அந்த விலாசத்த எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"எங்கயும் போகல சார்."

"அப்ப எப்படிம்மா எடுக்கிறது? இருக்கிறவங்கள எடுக்க முடியாதே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற யாராவது இவங்க இங்க குடியில்லன்னு ஆட்சேபணை குடுத்தா, நேர்ல விசாரிச்சு எடுப்போம். அந்த ஆட்சேபணையையும் சுவத்துல ஒட்டுவோம். ஆனா பொய்யா எழுதினா ஜெயில், பாத்துக்கங்க."

மார்ச் 11

அக்காவிடம் சொல்லிவிட்டேன். வெளிநாடு பொய் என்பதை, இடது கை ஏன் முழுசாக நீளாது என்பதை, எல்லாவற்றையும். "கண்டுபிடிச்சா கொன்னுடுவேன்னு சொன்னான்க்கா. சும்மா சொல்ற ஆள் இல்ல."

அக்கா சட்டத்துக்குப் பயந்தவர். ரயில் ஏறினால் இறங்கும்வரை டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருக்கும் ரகம். என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நான் பண்ணின வேலதானே" என்று பேனாவை எடுத்தார். 'வரிசை எண் 207-இல் உள்ளவர் என் வீட்டில் குடியிருக்கவில்லை.' கையெழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

மார்ச் 12

ஆட்சேபணை சுவரில் ஏறிவிட்டது. யார் கேட்டாலும் நான் இங்கே இல்லை என்று சொல்லும்படி அக்கம்பக்கத்து வீடுகளில் அக்கா சொல்லி வைத்துவிட்டார். கடை முதலாளிக்கு மட்டும் வேண்டாம் என்றேன் — வேலை போய்விட்டால்? பீரோவைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 14

தெருவில் யாரோ செருமினார்கள். பால்காரர்தான்.

மார்ச் 16

வந்துட்டான்.

கடையின் பின்னறையில் லென்ஸ் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் குரல். வெளியாட்களிடம் மட்டும் பேசுகிற அந்த இனிப்பான குரல். "சார், பதினேழாம் நம்பர் வீடு எந்தப் பக்கம்?"

முதலாளி எங்கே "நம்ம கடைப் பொண்ணும் அங்கதான் இருக்கு" என்று சொல்லிவிடுவாரோ? மெஷினை நிறுத்தினால் அவர் என்னவென்று கூப்பிடுவார். நிறுத்தவில்லை. லென்ஸ் தேய்ந்து தேய்ந்து ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. முதலாளி வாசல்வரை போய்க் கையை நீட்டி வழி காட்டினார். நல்ல மனுஷன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "வர்றான்" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 17

நேற்று இருட்டும்வரை பின்னறையிலேயே கிடந்தேன். அவன் பஸ் ஏறும்வரை பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு அக்காதான் வந்து கூட்டிப்போனார். முதலாளிக்கும் இப்போது தெரியும். பாழான லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவனை அக்கா வாசலிலேயே நிறுத்தினாராம். போனில் பட்டியலை நீட்டினானாம். "அது தப்பு தம்பி. நாலே மாசம் இருந்தா, அப்புறம் சொல்லாம கொள்ளாமப் போயிட்டா. பழைய நகலப் பாத்து நான்தான் உளறிட்டேன். வேணும்னா நூலகச் சுவத்துல போய்ப் பாருங்க, ஆட்சேபணையே எழுதிக் குடுத்திருக்கேன்." போய்ப் பார்த்திருக்கிறான். அங்கிருந்து அலுவலகத்துக்கும். எழுத்தர், "இன்னும் விசாரிக்கல, விசாரிச்சாத்தான் தெரியும்" என்றாராம்.

விசாரணை என்றால் எழுத்தர் இங்கே வருவார். என் முகம் தெரிந்தவர். நான் சிக்கினால் சிக்கட்டும், அக்கா ஜெயிலுக்குப் போவாரா?

மார்ச் 21

வந்தார். எழுத்தர் கதவைத் தட்டியதும் ஓடத் தோன்றியது — மாடியிலிருந்து எங்கே ஓடுவது? பீரோவை நகர்த்தித் திறக்க நேரமாயிற்று. அந்தச் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு வெளியிலேயே நின்றிருக்கிறார். என்னைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். அது தரையில் கீறியிருந்த கோடுகளைப் பார்த்தார்.

"அன்னிக்கு ஆபீசுக்கு ஒருத்தர் வந்தாரு. அவருக்காகவாம்மா இது?"

தலையாட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். காகிதத்தை மூக்கருகே பிடித்து எழுதினார். படித்தும் காட்டினார்: "நேரில் சென்றேன். மாடி அறையில் எவரையும் காணவில்லை." பிறகு கைப்பிடியைத் தடவித் தடவிப் படியிறங்கினார். தெருமுனை போகும்வரை கண்ணாடியைப் போடவே இல்லை.

மார்ச் 28

இறுதிப் பட்டியல். 207-இன் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் 'நீக்கம்'. இணையத்திலும் அப்படியே.

ஏப்ரல் 20

தெருவே ஓட்டுப் போடப் போயிற்று. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். முந்நூறு ஓட்டுத்தானே, பொழுது சாய்வதற்குள் எண்ணிவிட்டார்கள். அக்கா மை விரலோடு மூச்சிரைக்க மேலே வந்தார். எங்கள் தெருவிலிருந்து நின்ற மருந்துக்கடைக்காரம்மா ஒரே ஓட்டில் தோற்றுவிட்டாராம்.

"நீ போட்டிருந்தா சமமா வந்திருக்கும்" என்றார்.

பிறகு விரலிலிருந்த மையைத் தேய்த்தார்.

"போகுது போ. நீ இல்லாமயே இரு."

பீரோவின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை நான். பழைய இடத்துக்கே தள்ளி வைத்தோம்.