காட்டுமாட்டுக்கு முதுகு காட்டி நின்றவள்

என் ஆசை ரேவதி அக்காவுக்கு,

கரடியூரில் மழை விட்டு வெயில் அடிக்கிறது. நீ நட்ட மிளகுக்கொடி காய் பிடித்திருக்கிறது. ஆனால் உனக்குச் சொல்ல வேண்டிய சேதி அதுவல்ல. உன்னைக் குத்திய காட்டுமாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கொல்ல அப்பா வேலியில் கரண்ட் வைத்தார். இன்று விடிகாலையில் அந்த மாட்டுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான் நின்றேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

சேலத்தில் காலேஜ் முடித்ததும் எல்லாரும் உன்னை பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார்கள். நீ ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வடக்கே ரயிலேறினாய். இமாசலத்தில் ஆப்பிள் பறித்தாய். அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் யானைகள் கடக்கும்போது காவல் நிற்பவர்களோடு ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தாய். “காலேஜ் படிச்ச புள்ள ஊர் சுத்துது” என்று அப்பா முணுமுணுப்பார். நீ அனுப்பிய போட்டோக்களை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வரைக்கும் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

நீ திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய நாள் நானும் ஒண்டிக்கடை முக்கு டீக்கடையில் நின்றேன். ஜீப் ஓட்டும் கபீர் பாய் உன்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏம்மா, உலகமெல்லாம் சுத்திட்டுக் கடைசில இந்த ஒண்டிக்கடைக்குத்தான் வந்தியாக்கும்?”

“டீ இங்கதானுங்க பாய் நல்லாருக்கு.”

“நேத்து வடிச்ச டீ கண்ணு அது.”

அடுத்த வாரமே எங்களையெல்லாம் சேர்த்து நீ குழு ஆரம்பித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் வியூ பாயிண்டில் உடைந்த புட்டிகளைப் பொறுக்கினோம். கண்ணாடி குத்தி காட்டுமாடுகளின் குளம்பு சீழ் பிடிக்கிறது என்று நீதான் காட்டினாய். ஊரில் எங்களுக்கு ‘புட்டி பொறுக்கிங்க’ என்று பேர் வைத்தார்கள். “நல்ல பேருதான், அதையே வெச்சுக்கலாம்” என்று பச்சைச் சட்டையில் அச்சடித்துக் கொண்டுவந்தாய்.

அஸ்ஸாமிலிருந்து நீ கொண்டுவந்த விதி ஒன்றும் இருந்தது. மாடு வந்தால் மாட்டைப் பார்க்காதே, கூட்டத்தைப் பார்த்து நில். ஆபத்து கூட்டத்திலிருந்துதான் வரும். மாட்டுக்கு முதுகு, மனுசனுக்கு முகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நாம் அப்படித்தான் நின்றோம். மாடு ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்தது. காரில் வந்த நான்கு பேர் போனை நீட்டிக்கொண்டு கிட்டே போனார்கள். “அண்ணா, கார்ல ஏறுங்க. அது போற வழி இது” என்றாய். “ஏய் குப்பை, தள்ளு. வீடியோல நீ விழற” என்றான் ஒருவன். இன்னொருவன் மாடு தலை நிமிர்த்தட்டும் என்று புட்டியை வீசினான்.

அது மாட்டின் நெற்றியில் உடைந்தது. சத்தம் கேட்டு நான் திரும்பினேன். நீ திரும்பவில்லை. இரண்டு கையையும் விரித்து அவர்களைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாய். கொம்பு உன் விலாவில் ஏறியது. நீ தரையை விட்டு எழும்பினாய். இரண்டாம் முறை அது உன்னை வீசியபோது உன் பச்சைச் சட்டை கிழிந்து கொம்பிலேயே தொங்கியது. அந்தத் துணி கண்ணை மறைத்ததால்தான் மாடு வெறி பிடித்துச் சுற்றியது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் கார் போய்விட்டது.

கபீர் பாய் ஜீப்பைக் கொண்டை ஊசி வளைவுகளில் பறக்க விட்டார். ஒவ்வொரு வளைவிலும் உன் ரத்தம் சீட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் ஓடியது. நான் துண்டை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். பேப்பரில் போடுகிற மாதிரி நீ பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “வலிக்குதுடி” என்றாய். அடிவாரத்துக்கு முன்பே உன் கை கனத்துவிட்டது.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இந்த வருசம் அப்பா வரவில்லை. “அங்க போயி என்னத்தக் கேக்கறது?” என்றார். பலா பழுக்கும் வரை காத்திருந்தார். பிறகு தோட்டத்து மூலையில் மாடுகள் நுழையும் சந்துக்குக் குறுக்கே கம்பி கட்டினார். கம்பிக்கு உள்பக்கம் பலாப்பழங்களைப் பிளந்து போட்டார். இருட்டியதும் அந்தக் கம்பியிலிருந்து கரண்ட் லைனில் கொக்கி போடுவார், நன்றாக விடிந்ததும் மூங்கிலால் எடுத்துவிடுவார்.

முதலில் செத்தது நம் நாய் டைகர். ஆமாம் அக்கா, உன் டைகர். வாயில் கம்பியைக் கவ்வியபடி விறைத்துக் கிடந்தது. நாக்கு கருகியிருந்தது. குழி தோண்டும்போது அப்பா அழுதார். ஆனால் கம்பியை எடுக்கவில்லை. “எடுக்கச் சொல்லும்மா” என்று அம்மாவிடம் போனேன். “அது செத்தாத்தாண்டி என் வயிறு ஆறும்” என்றாள் அம்மா.

“அப்பா, அவங்க புட்டி அடிச்சாங்க. நான் பாத்தேனுங்க.”

“தெரியும் கண்ணு. அந்தப் பசங்கள எங்க போயித் தேடுவேன்? கார் போன தெசகூடத் தெரியல. மாடு இங்கதான நிக்குது.”

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நான்கு பேரும் சந்தில் வந்து நின்றிருந்தால், கொக்கியை எடுக்கச் சொல்லி நான் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

இன்று விடிகாலை பனிமூட்டத்தில் பெருமூச்சுச் சத்தம் கேட்டு எழுந்தேன். தோட்டத்து ஓரப் பாறையைச் சுற்றி ஓடி வேலிக்கு வெளியே சந்துக்குப் போனேன். நெற்றியில் புட்டி கிழித்த இடத்தில் முடி முளைக்காத வெள்ளைக் கோட்டோடு அதே மாடு நின்றது. பலா வாசத்துக்குக் கம்பியை நோக்கி வந்துகொண்டிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் மூங்கிலோடு அப்பா.

நான் மாட்டுக்கு முதுகு காட்டி, கம்பிக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், அப்பாவைப் பார்த்து நின்றேன்.

“கண்ணு, அசையாத. பின்னால நிக்குது.”

“தெரியுதுங்கப்பா. கொக்கிய எடுங்க.”

“அது உங்கக்காவக் கொன்னுது சாமி.”

“அது ஒரு முட்டு முட்டுனா நான் கம்பி மேலதான் விழுவேன். எடுங்கப்பா.”

பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன். மாட்டின் மூச்சு சுடச்சுட என் முழங்கை வரை வந்தது. நீ அந்தக் கடைசி நொடியில் இந்த மூச்சைக் கேட்டாயா? கேட்டும் திரும்பாமல் நின்றாயா?

அப்பா கொக்கியைத் தட்டிவிட்டார். கொக்கி லைனை விட்டுத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் மாடு மிரண்டு, காப்பிச் செடிகளை முறித்துக்கொண்டு ஓடியது.

அப்பா கம்பியைத் தாண்டி வந்து என்னை அறைந்தார். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. மறுபடியும் அறைந்தார். பிறகு அதே கையால் என் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். அவர் சட்டையெல்லாம் என் ரத்தம்.

“உங்கக்காவும் இப்பிடித்தான் நின்னாளா?”

“ஆமாங்கப்பா.”

“அத்தன பேரு இருந்தீங்களே. மாட்டப் பாக்க ஒரு ஆளு நிக்கலியா?”

நிற்கவில்லை அக்கா. நாங்கள் எல்லாருமே கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் விதி பாதி சரி. மீதிப் பாதியை அஸ்ஸாமில் உனக்குச் சொல்ல மறந்தார்களா, நீ எங்களுக்குச் சொல்ல மறந்தாயா?

கம்பியைச் சுருட்டி அப்பா கிணற்றில் போட்டுவிட்டார். அம்மா இன்னும் எங்கள் இருவரோடும் பேசவில்லை. என் உதட்டுக்கு மஞ்சள் மட்டும் வைத்துவிட்டாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வியூ பாயிண்டில் நான் கூட்டத்தைப் பார்த்து நிற்பேன். என் முதுகோடு முதுகு ஒட்டி, மாட்டைப் பார்த்து அப்பா நிற்பார். பச்சைச் சட்டை அவருக்கு வயிற்றுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. போட்டுப் பார்த்துவிட்டு, “பொறுக்கிங்கற எழுத்து மட்டும் நொம்பப் பெருசாத் தெரியுதே கண்ணு” என்றார்.

காலேஜ் முடித்ததும் நானும் ரயிலேறுவேன் அக்கா. அந்தத் தேயிலைத் தோட்டத்து ரோட்டைக் கண்டுபிடித்து, யானையைப் பார்த்து நிற்பது யார் என்று கேட்பேன். கேட்டுக்கொண்டு, உன்னைப் போலவே ஒண்டிக்கடையில் வந்து இறங்குவேன்.

அப்பாவின் முதுகில் முதுகு சாய்த்து நிற்கப்போகும்
உன் தங்கச்சி,
தேன்மொழி